வேணாம் என்று சொல்லும் பொத்தான்

என் கணவருக்குக் கம்ப்யூட்டர் பேச்சு ஆகாது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நான் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவர் டிவி ரிமோட்டைத் தேடுவார், இல்லாவிட்டால் குளிக்கப் போய்விடுவார். அவர் பஸ் ஓட்டுநர். ஆங் மோ கியோ பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் வண்டிகளைப் பல வருஷம் ஓட்டியவர். நான் தஞ்சோங் பகாரில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

வேலை அதுதான் என்றாலும் என் பைத்தியம் வேறு. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு பிடிப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். என் வீட்டு மேசையில் இருக்கும் இயந்திரம் என் பேச்சைக் கேட்க வேண்டுமே தவிர, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. இதைக் கல்யாண வீட்டிலும் பேசுவேன், லிப்டிலும் பேசுவேன். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் மடிக்கணினியை மூடிவைப்பார்கள், எங்கே மாற்றிவிடுவேனோ என்று.

என் கணவர் ஒரே ஒரு முறை இதில் வாதம் செய்தார். பஸ் ஓட்டத் தெரிந்தால் போதாதா, இன்ஜினைப் பிரித்து ஏன் பார்க்க வேண்டும் என்றார். நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன்.

"டெப்போவுக்கு போன் போடுவேன் லா" என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் வாலாக ஒட்டும் அந்த 'லா'வை இழுத்து. அவர் வெற்றியோடு குளிக்கப் போனார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது பக்கவாதம் வந்தது. விடுமுறை நாள், காலை. சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. கால் திரும்ப வந்தது, மெதுவாக நடந்தார். வலது கை பாதிதான் வந்தது. பேச்சு வரவில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது. "சரி லா." அதைச் சுத்தமாக, பழைய குரலில், பழைய இழுப்போடு சொன்னார். அதைத் தவிர வேறு எதுவும் வாய்க்கு வரவில்லை. பேச்சு சிகிச்சையாளர் என்னை உட்காரவைத்து விளக்கினார். அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்ல வேண்டியதும் தெரிகிறது, அந்தச் சொல்லைத் தேடி எடுக்கும் இடத்தில்தான் அடி விழுந்திருக்கிறது. எழுதச் சொன்னாலும் வராது, எழுதவும் அதே இடம்தான் வேண்டும். அந்த ஒரு சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை, அது தானாக வருகிறது என்றார்.

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. மீன் சூப் வாங்கட்டுமா என்று கேட்டேன், சரி லா என்றார். ஒரு வாரம் தினமும் காப்பிக்கடையிலிருந்து மீன் சூப் வாங்கிவந்து ஊட்டினேன். எட்டாம் நாள் அவர் இடது கையால் கிண்ணத்தை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "சரி லா" என்றார். அப்போதுதான் உறைத்தது. முடிவெட்டும் கடையிலும் அப்படித்தான். ஒட்ட வெட்டவா என்று கேட்டிருக்கிறார்கள், இவர் சரி லா என்றிருக்கிறார். நான் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் தலையில் முடியே இல்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டும் நாட்களில் தினமும் இரண்டு முறை சீவும் முடி அது.

எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாத ஆளாகிவிட்டார் அவர். எத்தனை வருஷம் நான் திட்டியிருக்கிறேன், ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவினால் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரே ஒரு பொத்தானைக் காட்டி நம்மை உட்காரவைக்கிறார்கள் என்று. என் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

படங்கள் நிறைந்த திரையில் ஒன்றைத் தொட்டால் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் சொன்ன செயலியைச் சந்தா கட்டி வாங்கி ஒரு டேப்லெட்டில் போட்டேன். கொள்கையாவது ஒன்றாவது, அவர் பேசினால் போதும் என்று இருந்தது. அதில் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைக்காரக் குரல் "வாட்டர்" என்றது. ஆனாலும் இரண்டு மாதத்தில் அவர் பழகிவிட்டார். படத்தைப் பார்த்துத் தேடவில்லை. கியர் எங்கே, பிரேக் எங்கே என்று தெரிகிற மாதிரி அவருடைய இடது கைக்குத் தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே என்று தெரிந்துவிட்டது.

ஒரு நாள் காலை அந்தச் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. படங்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. அழகாகத்தான் இருந்தன, முன்னைவிட வட்டமாக, வெளிர் நிறத்தில். அவர் தண்ணீர் இருந்த இடத்தைத் தொட்டார், அது "ஹேப்பி" என்றது. மறுபடி தொட்டார், "ஹேப்பி" என்றது. நாலாவது முறை அந்தக் கருவி சுவரில் போய் மோதியது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பொருளைத் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை.

அந்த நிறுவனத்துக்கு எழுதினேன், பழைய அமைப்பு வேண்டும் என்று. என் கருத்து அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

அலுவலகத்தில் கழித்துக்கட்டிய தொடுதிரை மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். அதில் லினக்ஸை ஏற்றி, இப்படித் தொட்டுப் பேசும் படப்பலகைக்கென்று யாரோ எழுதி இணையத்தில் பொதுவில் வைத்திருந்த ஒரு நிரலைப் போட்டேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், பார்க்க அது நன்றாகவே இல்லை. பொத்தான்கள் சாம்பல் நிறத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தன. வைஃபை வேலை செய்ய இரண்டு நாள் ஆனது. உதவிப் பக்கத்தில் பாதி 'இனிமேல் எழுதப்படும்' என்று இருந்தது. எங்கள் லினக்ஸ் கூட்டத்தின் சொத்து இதுதான், அழகு பார்க்கத் தெரியாதவர்கள் நாங்கள். ஆனால் உள்ளே போகக் கதவு திறந்திருந்தது.

அவருடைய இடது கை நடுங்கும். ஒரு முறை தொட்டால் இரண்டு முறை தொட்டதாக எடுத்துக்கொண்டு "தண்ணி தண்ணி" என்றது கணினி. நிரலைத் திறந்து பார்த்தேன். முதல் தொடுகைக்குப் பின் ஒரு நொடிக்குள் வரும் அடுத்த தொடுகையைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஒரு வரி. சர்வர் அறையில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன், இந்த ஒரு வரிக்கு அழுத மாதிரி எதற்கும் அழுததில்லை. அந்த வரியை நிரலை எழுதியவர்களுக்கும் அனுப்பிவைத்தேன். எந்த நாடென்று தெரியாத ஒருவர் இரண்டு நாளில் சேர்த்துக்கொண்டு, தன் அம்மாவுக்கும் கை நடுங்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

வேலைக்குப் போகுமுன் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படங்களைச் சேர்த்தேன். முதல் பக்கத்தின் இடது ஓரத்தில், அவர் கை இயல்பாகப் போய் விழும் இடத்தில், சிவப்பாக ஒரு பெரிய பொத்தான் வைத்தேன். "வேணாம்."

குரல்தான் சிக்கலாகிவிட்டது. லினக்ஸில் எனக்குக் கிடைத்த தமிழ்க் குரல் ஜலதோஷம் பிடித்த ரோபோ மாதிரி இருந்தது. "வே-ணா-ம்" என்று மூன்று துண்டாகச் சொன்னது. ஆனாலும் முதல் நாளே அவர் அதைத் தொட்டார். நான் இட்லியைத் தட்டில் வைத்தேன், ரோபோ வேணாம் என்றது. தோசை ஊற்றட்டுமா என்றேன், வேணாம். ரொட்டி? வேணாம். பசி இல்லையா என்றேன், அதற்கும் வேணாம். பிறகு இட்லியை எடுத்துச் சாப்பிட்டார். பல மாதம் சேர்த்துவைத்ததை ஒரே காலையில் சொல்லித் தீர்க்கிறார் என்று புரிந்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து இன்னும் பத்துக் கேள்வி கேட்டேன்.

இதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஒரு யோசனை வந்தது. வேலை முடிந்து கிளம்பும்போதெல்லாம் அவர் எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். முடிந்துவிட்டது, கிளம்பிட்டேன், தேக்கா சந்தையில் ஏதாவது வாங்கணுமா, தண்ணி எடுத்துக்கிட்டு போனியா, இப்படி. பின்னால் பஸ் இன்ஜின் சத்தம், யாரோ மலாயில் பேசிச் சிரிக்கும் சத்தம். நான் ஒன்றையும் அழித்திருக்கவில்லை. அதிலிருந்து சொற்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். தண்ணி, வேணும், வேணாம், சாப்பாடு, நாளைக்கு. மூன்று வாரம் ஆனது. ரோபோவை எடுத்துவிட்டு அவருடைய குரலையே பொத்தான்களில் வைத்தேன்.

காலைச் சாப்பாட்டின்போது ஒன்றும் சொல்லாமல் திரையை முன்னால் வைத்தேன். அவர் தண்ணீரைத் தொட்டார். "தண்ணி" என்றார் அவரே, பஸ் நிலையத்து இரைச்சலுக்கு மேலே. அவர் கை அப்படியே நின்றது. இன்னொரு முறை தொட்டுக் கேட்டார். பிறகு கை இடது ஓரத்துக்குப் போனது. அவருடைய பழைய குரல் அவருக்காகவே "வேணாம்" என்றது. மடிக்கணினியை மூடினார். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

நான் செய்தது தப்பு என்று மட்டும் தெரிந்தது. ஏன் என்று அவரால் சொல்ல முடியாது, பலகையில் அதற்குப் படம் இல்லை. அவருக்கு நல்லதென்று அவரைக் கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றிவைத்திருந்தேன், அந்த நிறுவனம் செய்த மாதிரியே. அன்றைக்கே ரோபோவைத் திரும்பக் கொண்டுவந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்து "சரி லா" என்றார்.

லிட்டில் இந்தியாவில் ஒரு புத்தகக்கடையின் மாடியில் ஞாயிறு மதியம் நாங்கள் பத்துப் பேர் கூடுவோம். பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்போம், மென்பொருள்களைத் தமிழாக்குவோம். அங்கே வருகிறவர்களில் ஒருவர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். தொழிலாளர் விடுதியில் வாங்கிய பழைய கணினியைச் சரிசெய்ய வந்தவர் அப்படியே எங்களோடு ஒட்டிக்கொண்டார். தமிழாக்கத்தில் அவரோடு எனக்கு எப்போதும் சண்டைதான். 'கேன்சல்' என்ற பொத்தானுக்கு நான் 'ரத்துசெய்' என்று போட்டால், வீட்டில் யாரக்கா ரத்துசெய் என்று பேசுகிறார்கள், 'விடு' என்று போடுங்கள் என்பார். அவருக்கு நல்ல குரல். எதைச் சொன்னாலும் நின்று கேட்கத் தோன்றும்.

நடந்ததை அந்த ஞாயிறு அவரிடம் சொன்னேன். "நான் பேசித் தரட்டுமாக்கா?" என்றார். உடனே, "அண்ணன்கிட்ட முதல்ல கேளுங்க" என்றும் சொன்னார்.

இந்த முறை கேட்டேன். என் கணவர் அவரைப் பார்க்க வேண்டும் என்று கையைக் காட்டினார். அடுத்த ஞாயிறு வெல்டர் ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பெண் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நாலு ஞாயிறு பதிவு நடந்தது. படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, விசிறியை அணைத்துவிட்டு மூன்று பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைக்க ஆரம்பித்தால் நிறுத்துவோம். வெல்டர் ஒரு சொல்லைச் சொல்வார், என் கணவர் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார், பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தானைத் தொடுவார். வேணாம் என்று ரோபோ சொல்லும், வெல்டர் மறுபடி சொல்வார். 'வலிக்குது' என்ற சொல்லை ஏழு முறை சொல்லவைத்தார். ஆறு முறையும் வெல்டர் அழுகிற மாதிரி சொன்னார், ஏழாவது முறை சும்மா தகவல் மாதிரி சொன்னார். அதற்குத்தான் தலையாட்டினார்.

அவர் ஓட்டிய பஸ் எண்கள் எல்லாம் வேண்டும் என்று விரலால் எழுதிக் காட்டினார். எண்கள் அவர் விரலுக்கு வந்தன. அதை நானும் அன்றுதான் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது ஞாயிறு ஒரு சங்கடம். 'லா' என்று வெல்டருக்குச் சொல்ல வரவில்லை. பாட்டு வாத்தியார் மாதிரி இழுத்தார், இல்லாவிட்டால் ஒரேயடியாக நறுக்கினார். பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதுமட்டும் வரமாட்டேன் என்கிறது என்று தலையைச் சொறிந்தார். என் கணவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, சத்தமாக, பக்கவாதம் வந்தபிறகு முதல் முறையாக. பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சரி லா" என்றார்.

நான் அதற்குள் பதிவுப் பொத்தானைத் தட்டியிருந்தேன். அந்தப் பலகையில் ஒரே ஒரு பொத்தான் மட்டும் அவருடைய குரலில் இருக்கிறது. இதை அவரே வைத்தார்.

எல்லாம் முடிந்ததும் தேக்காவுக்குப் போனோம், உணவங்காடியில் தே குடிக்க, இங்கே டீக்கு அதுதான் பெயர். அதுவரை கடைக்காரர்கள் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள், அண்ணனுக்கு என்ன வேணும் என்று. அன்றும் அப்படிக் கேட்டார் ஒருவர். என் கணவர் மடிக்கணினியைக் கடைமேடையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டார். "எனக்கு." "ஒரு தே." "சீனி." "வேணும்."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?" என்றேன் நான்.

"சீனி வேணும்" என்றார் புதுக்கோட்டைக் குரலில்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்தார். அண்ணனுக்குப் புதுக்கோட்டைப் பக்கமா என்று கேட்டார். என் கணவர் "இல்லை" என்று தொட்டு, இரண்டாம் பக்கத்துக்குப் போய், கொஞ்சம் தேடி, "ஆங் மோ கியோ" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தே கலக்கினார். சீனி போட்டார்.

அந்தக் குரலையும் படங்களையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைக்கலாமா என்று வெல்டரிடம் கேட்டேன். ஒரு நாள் யோசித்தார், ஊரில் மனைவியிடம் போனில் கேட்டார். நாலு ஞாயிறு அங்கே பேசியதில் பாதியாவது வீட்டோடு பேசியிருக்கலாம் என்று அந்த அம்மா சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். வைக்கச் சொல்லிவிட்டார். போன வருஷம் அவர் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார். வாரம் ஒரு முறை வீடியோவில் வருவார். என் கணவர் அவருடைய குரலிலேயே அவரிடம் "சாப்டாச்சா?" என்று கேட்பார். தன்னோடு தானே பேசிக்கொள்வது போல இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார் வெல்டர்.

கணினியைப் பற்றிய என் கருத்துகள் பெரிதாக மாறிவிடவில்லை. இன்னும் லிப்டில் பேசுகிறேன். ஆனால் முன்னைப்போல இயங்குதளத்தின் பெருமையைச் சொல்வதில்லை. உங்கள் கணினியில் எது உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். சிலர் நிஜமாகவே சொல்கிறார்கள். என் கணவர் மட்டும் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. திரையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் பழைய வழக்கப்படி என்னைச் சுட்டிக்காட்டிவிட்டு, காதில் போன் வைப்பது போலக் கையை வைப்பார். டெப்போ நான்தானாம்.

இந்த வருஷம் பக்கத்து நாட்டில், ஈப்போவிலிருந்து ஒரு பெண் எழுதினார். அவருடைய அம்மாவுக்கும் இதே நிலை. பலகை நன்றாக இருக்கிறது, ஆனால் அம்மா ஆண் குரலில் பேச வெட்கப்படுகிறார், பெண் குரல் ஒன்று இருந்தால் உதவியாக இருக்கும் என்று. என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்ப் படுக்கையறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடத் தொடங்கினார், ஒரு கையால்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார். கறாரான ஆள். 'தூக்கம் வருது' என்பதை நான் அவசரமாகச் சொல்கிறேனாம், மறுபடி மறுபடி சொல்லவைத்தார். போன வாரம் பட்டியல் முடிந்துவிட்டது என்று மைக்கை அணைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இன்னும் ஒன்று இருக்கிறது என்று விரலைக் காட்டினார். பிறகு இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, ஈ ஓட்டுவது போல இரண்டு தரம் வீசி, முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

முதலில் புரியவில்லை. மறுபடி செய்தார். அடுக்களையில் அவர் வந்து எதையாவது எடுத்துத் தின்றால் நான் அதட்டிக்கொண்டே செய்வது அது. ஈப்போவில் இருக்கும் அந்த அம்மாவுக்கும் இது தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மைக்கை நெருக்கி வைத்துக்கொண்டு, "சும்மா இருங்க" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. சிவப்புப் பொத்தானைத் தொட்டார். இன்னும் கொஞ்சம் கோபம் வேண்டுமாம். கையால் காட்டினார்.